எய்தவன் இருக்க அம்பை நோவதேன்? – புலம்பெயர் தமிழ் வீடுகளும் சமூக ஊடக அல்கொரிதங்களும்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் தமிழ்ப் பெற்றோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், வேலை, வீட்டுக் கடன், ஊர்ச் செய்தி ஆகியவற்றைக் கடந்து பேச்சு இறுதியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். "பிள்ளை போனை விட்டுத் தலை நிமிர்கிறானில்லை, ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான்" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் தத்தம் வீட்டுக் கதைகளை அடுக்குவர். முடிவில் வழங்கப்படும் தீர்ப்பும் ஒன்றே: இந்நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, மரியாதை இல்லை, மன உறுதி இல்லை.

விசாரணையே நடைபெறாமல் எழுதப்படும் தீர்ப்பு இது. குற்றஞ்சாட்டப்பட்டவர் 13 வயதுப் பிள்ளை. வழக்குத் தொடுப்பவரும் நீதிபதியும் தாய் தந்தையர். தண்டனை கைத்தொலைபேசிப் பறிமுதல். ஆனால் அந்தத் திரையில் அடுத்த நொடி எது தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார், அந்த முடிவால் வருவாய் பெறுபவர் யார் என்ற கேள்விகள் அந்த வரவேற்பறை நீதிமன்றத்தில் எழுப்பப்படுவதே இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்று கேட்ட சமூகம், இன்று அம்பை மட்டுமே நொந்துகொண்டிருக்கின்றது.

இலக்கு ஒன்றே: நேரம்

அல்கொரிதம் என்னும் சொல் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகின்றது. ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான படிமுறை என்பதே அதன் பொருள். தோசை சுடுவதற்கும் ஒரு படிமுறை உண்டு. சமூக ஊடகங்களின் பரிந்துரை அல்கொரிதத்திற்கு இடப்பட்டுள்ள வேலை, கோடிக்கணக்கான பதிவுகளுள் எதனை இந்த மனிதருக்கு இந்த நொடியில் காட்டினால் அவர் விலகிச் செல்லாமல் இருப்பார் என்று கணிப்பதாகும். இதற்காக எவரும் தமது விருப்பத்தை வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. விரல் எந்தக் காணொளியில் நின்றது, எத்தனை நொடிகள் நின்றது, எது மீண்டும் பார்க்கப்பட்டது, எது பாதியில் தள்ளிவிடப்பட்டது, எது நண்பருக்கு அனுப்பப்பட்டது என்பன யாவும் அதற்குச் சான்றுகளாகின்றன.

பொறியியலில் ஓர் எளிய உண்மை உண்டு. எந்த எண்ணைப் பெருக்கும்படி ஓர் இயந்திரம் பணிக்கப்படுகின்றதோ, அந்த எண்ணையே அது பெருக்கும். பணிக்கப்படாத எதனையும் அது காக்காது. யூடியூப் நிறுவனம் 2012 ஆம் ஆண்டில் தனது பரிந்துரைகளின் அளவுகோலைச் சொடுக்குகளின் எண்ணிக்கையிலிருந்து பார்க்கும் நேரத்திற்கு மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில், மக்கள் நாளொன்றுக்கு 100 கோடி மணித்தியாலங்கள் யூடியூப் பார்க்க வேண்டும், 2016 முடிவதற்குள் இதனை எட்ட வேண்டும் என்ற இலக்கையும் தனக்கு விதித்துக்கொண்டது. அந்த இலக்கை எட்டிவிட்டதாக 2017 பெப்ரவரியில் அது பெருமையுடன் அறிவித்தது. காணொளிகளை வரிசைப்படுத்தும் தமது இயந்திரம், ஒருவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பதைக் கணிக்கவே பயிற்றுவிக்கப்படுகின்றது என்று அந்நிறுவனப் பொறியியலாளர்களே 2016 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கியுள்ளனர். பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்திற்கும் மேற்பட்டது பரிந்துரைகளால் வருவது என 2018 ஜனவரியில் அதன் உயர் அதிகாரி ஒருவர் மேடையிலேயே தெரிவித்தார். அதாவது, பெரும்பகுதி மக்கள் தேடிச் சென்று பார்த்ததன்று. அவர்கள் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டது. பார்வையாளரின் மனநிறைவையும் அளந்து சேர்ப்பதாக நிறுவனம் பின்னர் கூறியது. எனினும் விளம்பரம் விற்கும் வணிகத்தின் முதல் மூலப்பொருள் நேரம்தான் என்பதில் மாற்றம் ஏதுமில்லை.

பேஸ்புக்கின் கதையும் இதுவே. 2017 இல் அந்நிறுவனத்தின் வரிசைப்படுத்தும் கணக்கில், சாதாரண விருப்பக் குறியைவிடக் கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்பு வழங்கப்பட்டது. கோபத்தைக் கிளறும் பதிவுகளில் பொய்யும் நச்சும் மிகுந்திருப்பதை அதன் ஆய்வாளர்களே 2019 இல் உறுதிப்படுத்தினர். 2020 செப்ரெம்பரில்தான் கோப முகத்தின் மதிப்பு சுழியமாக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனை குடும்பங்களுக்குள்ளும் சமூகங்களுக்குள்ளும் அந்த எண் சண்டை மூட்டியது என்பதை எவரும் கணக்கிட்டதில்லை. 2021 இல் வெளிவந்த உள் ஆவணங்கள் இல்லையேல், அப்படியோர் எண் இருந்தது என்பதையே உலகம் அறிந்திராது.

மன உறுதி என்னும் ஏமாற்று

"மற்றவர்களும் பார்க்கின்றார்கள்தானே, உனக்கு மட்டும் ஏன் நிறுத்த முடியவில்லை?" என்பது பிள்ளையிடம் கேட்கப்படும் வழமையான கேள்வி. 2024 ஒக்ரோபரில் அமெரிக்க மாநிலங்கள் பல டிக்டொக் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. கென்ரக்கி மாநிலத்தின் வழக்கு ஆவணத்தில் மறைக்கப்பட்டிருக்க வேண்டிய பகுதிகள் சரியாக மறைக்கப்படாததால் வெளிச்சத்திற்கு வந்தன. ஏறத்தாழ 260 காணொளிகளைப் பார்த்தபின் ஒருவருக்குப் பழக்கம் உருவாகிவிடும் என்று நிறுவனமே கணக்கிட்டிருந்தது அவற்றிலிருந்து தெரியவந்தது. ஒவ்வொன்றும் சில நொடிகளே ஓடும் காணொளிகள் 260 ஐப் பார்ப்பதற்கு 35 நிமிடங்களும் வேண்டியதில்லை என்று வழக்குத் தொடுத்தோர் சுட்டிக்காட்டினர். தமிழ்ப் பள்ளியின் இடைவேளையும் வீடு திரும்பும் கார்ப் பயணமும் சேர்ந்தால் அந்த நேரம் போதும்.

இதனைவிடக் கவனத்திற்குரியது மற்றொரு செய்தி. 18 வயதிற்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 60 நிமிட வரம்பு என்று 2023 மார்ச்சில் டிக்டொக் பெரும் விளம்பரத்துடன் அறிவித்தது. பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். அந்தக் கருவியை நிறுவனம் தானே சோதித்தபோது, பதின்ம வயதினரின் நாளாந்தப் பயன்பாடு ஏறத்தாழ 108.5 நிமிடங்களிலிருந்து 107 நிமிடங்களாகவே குறைந்தது என்றும், நிறுவனத்தின் மீதான பொதுமக்களின் நம்பிக்கையை உயர்த்துவதே அக்கருவியின் வெற்றிக்கான அளவுகோலாகக் கொள்ளப்பட்டிருந்தது என்றும் அதே ஆவணங்கள் கூறின. ஒன்றரை நிமிடம் குறைப்பதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டைக் காட்டிப் பெற்றோரை நித்திரையாக்க ஒரு விளம்பரம். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதனைத்தான்.

ஒரு பக்கத்தில், மூளை வளர்ச்சி முற்றுப்பெறாத ஒரு பிள்ளை. மறு பக்கத்தில், உலகின் தேர்ந்த பொறியியலாளர்கள், பல்லாயிரம் கணினிகள், கோடிக்கணக்கானோரிடம் ஒவ்வொரு நாளும் நடத்தப்படும் சோதனைகள். இந்தச் சமனற்ற போட்டியில் தோற்கும் பிள்ளையைப் பார்த்து "உனக்கு உறுதி போதாது" என்று சொல்வது நீதியாகுமா?

பிள்ளைகளின் திரையில் நிகழ்வது

தமிழர் செறிந்து வாழும் லண்டன் ஹரோப் பகுதியில் வாழ்ந்தவர் 14 வயதுச் சிறுமி மொலி ரசல். அவர் 2017 நவம்பரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இறப்பதற்கு முந்திய ஆறு மாதங்களில் இன்ஸ்டகிராமில் அவர் சேமித்த, விரும்பிய, பகிர்ந்த ஏறத்தாழ 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் தற்கொலை, தன்னைத்தானே வருத்துதல், மனச்சோர்வு ஆகியவை தொடர்பானவை. இணையத்தில் கண்டவற்றின் தீய விளைவுகள் அவரது இறப்பிற்குப் பங்களித்தன என்று 2022 செப்ரெம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு தெரிவித்தார். அவர் தேடாத பதிவுகளும் அல்கொரிதத்தால் அவருக்கு வழங்கப்பட்டன என்பதையும் விசாரணை பதிவு செய்தது. சோகத்துடன் ஒரு பதிவில் நின்ற விரலை, அந்த இயந்திரம் விருப்பம் என்று வாசித்தது. துன்பத்திற்கும் ஆர்வத்திற்கும் வேறுபாடு காண அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

ஆண் பிள்ளைகளின் நிலை வேறு வகையானது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் கென்ற் பல்கலைக்கழகமும் இணைந்து 2024 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தனிமை, உடற்பயிற்சி, தன்னம்பிக்கை போன்றவற்றில் ஆர்வம் காட்டும் இளைஞர்களைப் போல டிக்டொக் கணக்குகள் தொடங்கப்பட்டன. ஐந்தே நாட்களில், பரிந்துரைக்கப்பட்டவற்றுள் பெண்களை இழிவுபடுத்தும் காணொளிகளின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாக உயர்ந்தது. உடலை வலுவாக்கும் வழியைத் தேடி உள்ளே சென்ற சிறுவன், தன் அக்காவையும் வகுப்பு ஆசிரியையையும் இகழும் மொழியைக் கற்றுக்கொண்டு வெளியே வருகின்றான். "இந்தச் சொல்லை இவன் எங்கே படித்தான்?" என்று தாய் திகைக்கின்றார்.

தமிழிலும் இதற்குக் குறைவில்லை. சாதிப் பெருமையைத் திரைப்பட இசையுடன் கலந்து, அரிவாளும் மீசையும் மெதுவாக அசையும் குறுங்காணொளிகள் ஏராளமாக உலவுகின்றன. கடல் கடந்து வந்த பெற்றோர் பலர், தம் பிள்ளைகள் அறியவே கூடாது என்று ஊரிலேயே விட்டுவந்த ஒன்றை, ஒரு பாட்டுக்காக நின்ற பிள்ளையின் விரலைக் காரணம் காட்டி இயந்திரம் கொண்டுவந்து கொடுக்கின்றது. தான் பார்த்தது சாதி என்பதே தெரியாமல் அதனை அந்தப் பிள்ளை 'தமிழ்ப் பண்பாடு' என்று நம்பிக்கொள்ளவும் கூடும்.

பெற்றோரின் கையிலும் அதே இயந்திரம்

இவ்விடத்தில் பெற்றோருக்கு உவப்பற்ற ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறிக்கும் தந்தையின் மறுகையில் மற்றொன்று ஒளிர்ந்துகொண்டிருக்கின்றது. சமையலறையில் யூடியூப் தானாக அடுத்தடுத்த காணொளிக்குத் தாவிக்கொண்டிருக்கின்றது. நீரிழிவை மூன்று நாளில் மாற்றும் கசாயம், நடிகையின் மணமுறிவு, அரசியல் தலைவர் ஒருவரின் 'அதிர்ச்சிப் பின்னணி', அயல் சமூகத்தைப் பற்றிய வதந்தி என்று தாத்தா பாட்டியின் பொழுதும் அந்த ஓட்டத்திலேயே கழிகின்றது.

பெற்றோரின் திரை பிள்ளைகளின் திரையைவிடக் குறைந்த காவலுடையது என்பதே மேலும் வேதனைக்குரியது. பொய்த் தகவல்களைக் கண்டறியும் பணிக்கென பேஸ்புக் ஒதுக்கிய நேரத்தில் 87 சதவீதம் அமெரிக்காவிற்கும், எஞ்சிய 13 சதவீதம் மட்டுமே மற்றெல்லா நாடுகளுக்கும் உரியதாயிருந்தமை 2021 இல் வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாத நாடுகளின் பயனர்கள், பார்த்தமைக்காக வருந்தத்தக்க யூடியூப் காணொளிகளை 60 சதவீதம் கூடுதலான வீதத்தில் முறையிட்டனர் என்று மொசில்லா அறக்கட்டளையின் 2021 ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. இந்த அலட்சியத்தின் விலையை இலங்கை ஏற்கனவே கண்டுவிட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, சிங்கள மொழியில் பரவிய வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் தங்குதடையின்றி உலவின. அந்த வன்முறைக்குத் தனது தளம் பயன்பட்டமைக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மேயில்தான்.

எனவே "நாங்கள் செய்தி பார்க்கின்றோம், பிள்ளைகள்தான் வீணாகின்றார்கள்" என்ற பெற்றோரின் வாதம் செல்லாது. இயந்திரத்திற்கு வயது வேறுபாடு கிடையாது. மகனுக்கு நடனமும் தந்தைக்கு ஆத்திரமும் தரும் அந்த இயந்திரம் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்வது ஒன்றையே.

ஒரே வீட்டில் நான்கு நாடுகள்

எல்லாச் சமூகங்களையும் பாதிக்கும் இவ்விடயம் புலம்பெயர் சமூகத்தை ஏன் கூடுதலாகப் பாதிக்கின்றது? விடை மொழியில் இருக்கின்றது. தாயகத்தில் தமிழைத் தெருவும் சந்தையும் பள்ளியும் பேருந்தும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும். புலம்பெயர் நாட்டில் அந்தப் பணியைச் செய்ய வீடு ஒன்றே உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலத் தமிழ்ப் பள்ளி எழுத்தைக் கற்பிக்கலாம். பேச்சைத் தருவது சாப்பாட்டு மேசைதான்.

முன்னர் வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. எதனைப் பார்ப்பது என்று சண்டை நடந்தது. பாட்டியின் நாடகத்தை முகம் சுளித்துக்கொண்டே பேரப்பிள்ளைகள் பார்த்தனர். பேரப்பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தைப் புரியாமலே பாட்டி பார்த்தார். அந்தச் சண்டையும் சுளிப்பும் விளக்கமுமே தமிழில் நடந்தன. இன்று நால்வருக்கு நான்கு திரைகள், நான்கு காதொலிப்பான்கள். சண்டையே இல்லை, பேச்சும் இல்லை.

இதில் மேலும் ஒரு கணக்கு மறைந்திருக்கின்றது. தமிழை அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் பிள்ளையின் திரையில் ஒரு தமிழ்க் காணொளி தோன்றுகின்றது. இரண்டு சொற்கள் புரியவில்லை; விரல் தள்ளிவிடுகின்றது. அந்தத் தள்ளுதல் ஒரு வாக்காகப் பதிவாகின்றது. அத்தகைய வாக்குகள் சேரச் சேரத் தமிழ் அத்திரைக்கு வருவது அருகிவிடுகின்றது. இதில் தமிழ் மீது எவருக்கும் பகை இல்லை. எவரும் தடை விதிக்கவும் இல்லை. கற்பதற்கு முதலில் சற்றுச் சிரமப்பட வேண்டும், ஆனால் சிரமம் தோன்றும் இடத்தில் விரல் தள்ளிவிடும் என்று இயந்திரம் அறியும். ஆகவே சிரமமான எதனையும் அது முன்னால் வைக்காது. ஒரு மொழி ஒரு வீட்டில் இவ்வாறும் அழியலாம். நூலகம் எரிக்கப்பட்டபோது கண்ணீர் விட்ட சமூகம், ஓசையின்றி நடைபெறும் இந்த இழப்பைக் கவனிக்காதிருப்பது ஏன்?

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

இவ்வாதத்திற்கு எதிராக மூன்று கருத்துகள் முன்வைக்கப்படுவதுண்டு. தீங்கு இன்னும் அறிவியல் முறையில் நிறுவப்படவில்லை என்பது முதலாவது. அதில் ஓரளவு உண்மை உண்டு. மக்கள்தொகை அளவில் சமூக ஊடகமே இளையோரின் உளநலக் கேட்டிற்குக் காரணம் என்று முடிவுகட்டச் சான்றுகள் போதா என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை 2023 டிசம்பரில் கூறியது. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது பேஸ்புக், இன்ஸ்டகிராம் பயனர்களுக்கு அல்கொரிதத்திற்குப் பதிலாகக் கால வரிசையில் பதிவுகளைக் காட்டிப் பார்த்த ஆய்வு 2023 ஜூலையில் வெளியானது. மூன்று மாதங்களில் அவர்களின் அரசியல் மனப்பாங்கு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது: கால வரிசைக்கு மாற்றப்பட்டவர்கள் அத்தளங்களில் செலவிட்ட நேரம் வெகுவாகக் குறைந்தது. அதாவது, நேரத்தைப் பிடித்து வைப்பது அல்கொரிதமே என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு வீட்டின் மாலைப் பொழுது பறிபோவதை நிறுவ மருத்துவரின் சான்றிதழ் தேவையா?

இரண்டாவது கருத்து, சமூக ஊடகத்தால் நன்மையும் உண்டு என்பது. மறுப்பதற்கில்லை. பறை கற்கும் பிள்ளை, கடல் கடந்த உறவுகளை முகம் பார்த்துப் பேசும் பாட்டி, தன் பள்ளியில் வேறு தமிழரே இல்லாதபோது தன்னொத்த தோழியைக் கண்டடைந்த சிறுமி ஆகியோர் இதற்குச் சான்று. இந்நன்மைகள் மனிதரை மனிதருடன் இணைப்பதால் வருபவை. முடிவற்று உருளும் பரிந்துரை ஓட்டத்தை நிறுத்தினாலும் இவை அனைத்தும் எஞ்சி நிற்கும்.

மூன்றாவது, தொழில்நுட்பத்தை யாராலும் தடுக்க முடியாது என்ற சலிப்பு. இது முற்றிலும் தவறு. பலமுறை அனுப்பப்பட்ட செய்திகளை ஒரு தடவையில் ஒரே உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. அத்தகைய செய்திகளின் பரவல் சில வாரங்களிலேயே 70 சதவீதம் வீழ்ந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. மனிதர்கள் திருந்தவில்லை; அதே மாமாக்கள், அதே குழுக்கள். மாறியது ஓர் எண் மட்டுமே. எண்ணை எழுதியவர் மனிதர். அதனை மாற்றக்கூடியவரும் மனிதரே.

சட்டங்கள் எங்கே நிற்கின்றன?

அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதிற்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு நிறுவனங்களுடையது. தவறினால் 4.95 கோடி அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. பிரித்தானியாவின் 2023 ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பிள்ளைகளுக்கான பரிந்துரைகளிலிருந்து தீங்கானவற்றை வடிகட்டும் கடமை 2025 ஜூலை 25 முதல் நிறுவனங்களின் மீது சுமத்தப்பட்டது. கனடாவில், தமிழ் மாணவர் பெருமளவில் பயிலும் ரொறன்ரோ, பீல் பகுதிகளின் கல்விச் சபைகள் உட்பட ஒன்ராறியோவின் நான்கு கல்விச் சபைகள் 2024 மார்ச்சில் இந்நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. ஆனால் கனடிய மத்திய அரசு 2024 பெப்ரவரியில் கொண்டுவந்த இணையத் தீங்குகள் சட்டமூலம், 2025 ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடித்துவைக்கப்பட்டபோது காலாவதியாயிற்று.

இவை வரவேற்கத்தக்கவை, ஆயினும் போதாதவை. வயது வரம்பு பிள்ளையை வாசலில் நிறுத்துகின்றது. உள்ளே இருக்கும் இயந்திரத்தைத் தொடுவதில்லை. 16 ஆவது பிறந்தநாளில் அதே இயந்திரம் அதே பசியுடன் காத்திருக்கும். பெற்றோரையும் முதியோரையும் அது இன்றும் விட்டுவைக்கவில்லை. இவ்வகையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிற்றல் சேவைகள் சட்டம் ஒரு படி முன்னே செல்கின்றது. தனிநபர் தரவுகளை வைத்துக் கணிக்காத, குறைந்தது ஒரு தெரிவையாவது மிகப்பெரிய தளங்கள் வழங்கியே ஆக வேண்டும் என்று அதன் 38 ஆவது உறுப்புரை கட்டளையிடுகின்றது. 2023 ஓகஸ்ற் இறுதி முதல் ஜேர்மனியிலும் பிரான்சிலும் டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் வாழும் தமிழருக்கு இந்த உரிமை உண்டு. அதனை அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்தாலும், அந்தத் தெரிவு அமைப்புகளின் ஆழத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது. தனிநபர் கணிப்பற்ற ஓட்டமே முதலில் தோன்ற வேண்டும். கணிப்பு வேண்டுமானால் விரும்புபவர் தேடிச் சென்று திறக்கட்டும் என்பதே தமிழர் அமைப்புகள் ஒவ்வொரு நாட்டிலும் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

செய்ய வேண்டியவை

1. பெற்றோர் முதலில் தமது கருவிகளில் தொடங்க வேண்டும். யூடியூப்பில் பார்வை வரலாற்றை நிறுத்தி, பழைய வரலாற்றையும் அழித்துவிட்டால், 2023 ஓகஸ்ற் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி முகப்புப் பக்கம் பரிந்துரைகளின்றி வெறுமையாகும். தேடிப் பார்ப்பவருக்குத் தேடியது கிடைக்கும். தானாக அடுத்த காணொளிக்குச் செல்லும் வசதியையும் நிறுத்த வேண்டும். இன்ஸ்டகிராமில் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் காட்டும் தெரிவு 2022 மார்ச்சிலிருந்து உண்டு.

2. சாப்பாட்டு மேசையில் எவரது கைத்தொலைபேசிக்கும் இடமில்லை என்ற விதி, வட்ஸ்அப் பார்க்கும் தந்தைக்கும் பொருந்த வேண்டும். பெரியவருக்குப் பொருந்தாத விதியைப் பிள்ளை விதியாக ஏற்காது.

3. "என்ன பார்க்கிறாய்?" என்று வேவு பார்க்கும் குரலில் கேட்பதைவிட, "இதனை ஏன் உனக்குக் காட்டுகின்றது என்று நினைக்கிறாய்?" என்று உசாவுவது பயன் தரும். முதல் கேள்விக்குப் பிள்ளை ஒளிக்கும்; இரண்டாவது கேள்விக்குச் சிந்திக்கும்.

4. தமிழ்ப் பள்ளிகள் ஆண்டிற்கு ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்கலாம். இரு மாணவர் தத்தம் திரைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கான காரணத்தைத் தமிழில் விளக்கட்டும். மொழிப் பயிற்சியும் விழிப்புணர்வும் ஒன்றாய்க் கிடைக்கும்.

5. சங்கங்கள், ஆலயங்கள், பழைய மாணவர் அமைப்புகள் தமது அறிவித்தல்களை பேஸ்புக்கில் மட்டுமே வெளியிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். திருவிழாத் திகதி அறிவதற்குக்கூட அந்த ஓட்டத்திற்குள் இறங்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கிவிட்டு, "மக்கள் எந்நேரமும் பேஸ்புக்கில் கிடக்கின்றார்கள்" என்று மேடையில் கவலைப்படுவது முரண். மின்னஞ்சலும் சொந்த இணையத்தளமும் அறிவித்தற்பலகையும் இன்னும் சாகவில்லை.

6. ஒவ்வொரு நாட்டிலும் அரசுகள் இவ்விடயத்தில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் எழுத வேண்டும். தமிழ் மொழிப் பதிவுகளைக் கண்காணிக்கத் தமிழ் அறிந்தோர் எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகக் கூற வேண்டும் எனக் கோர வேண்டும். அத்தொகுதியில் வாழும் வாக்காளர் என்ற முறையில் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதனைக் கேட்பது உரிமை, சலுகை அன்று.

இளையோருக்கு ஒரு சொல்

புலம்பெயர் இளையோர் எவருக்கும் கட்டளை இடப்படுவதை விரும்புவதில்லை. அது நல்ல குணம். ஆசிரியரின் கட்டளையையும் தந்தையின் கட்டளையையும் கேள்வி கேட்கும் அந்தத் துணிவு, தனது ஆர்வம், கோபம், கவலை ஆகியவற்றை எங்கோ ஒரு அலுவலகத்தில் எழுதப்பட்ட எண் வழிநடத்துவதைக் கண்டும் மௌனமாய் இருக்கலாமா? இன்று கணினித் துறையில் பயிலும் தமிழ் மாணவர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். நாளை இந்த இயந்திரங்களின் இலக்கை எழுதும் மேசைகளில் அவர்களுட் சிலர் அமர்வர். எதனைப் பெருக்க வேண்டும் என்ற கேள்வி அன்று அவர்கள் முன் வரும். அதற்கான விடையை இன்றே தேடத் தொடங்குவது அவர்களின் கடமை.

தமிழ் வீடுகள் போரையும் கடலையும் குளிரையும் தாண்டி வந்தவை. புதிய நாட்டில் இரட்டை வேலை செய்து, வாடகை அறையில் இருந்து வீடு கட்டி, தமிழ்ப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பியவை. இத்தனையையும் செய்த சமூகம், தன் பிள்ளைகளின் மாலைப் பொழுதை விளம்பர வணிகத்திடம் கேள்வியின்றி ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகளையே குறை கூறிக்கொண்டிருப்பது பொருத்தமானதா? அம்பை நொந்தது போதும். எய்தவனை நோக்கிக் கேள்விகள் எழட்டும். அவை ஒவ்வொரு வீட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்தும், தமிழிலேயே எழட்டும்.